பாஸ்போர்ட்டில் இருக்கும் 'லெட்': ஆங்கிலத்தில் வழக்கொழிந்த சொற்கள் எங்கே போயின?

இந்தியப் பாஸ்போர்ட்டைத் திறந்தால் குடியரசுத் தலைவரின் பெயரால் ஒரு வேண்டுகோள் அச்சிட்டிருக்கும். இதை வைத்திருப்பவரை 'லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' இல்லாமல் போகவிடுங்கள் என்று உரியவர்கள் எல்லோரையும் கேட்டுக்கொள்ளும் வாசகம் அது. ஹிண்ட்ரன்ஸ் என்றால் தடை. அதில் சிக்கல் இல்லை. ஆனால் லெட் என்றால் விடு, அனுமதி என்றுதானே பள்ளியில் படித்தோம்? 'அனுமதியோ தடையோ இல்லாமல்' என்று பொருள் கொண்டால் வாக்கியமே குழம்பிவிடுகிறது.

பழைய ஆங்கிலத்தில் 'லேட்டன்' என்று ஒரு வினைச்சொல் இருந்தது, 'லெட்டன்' என்று இன்னொன்று இருந்தது. முன்னதற்கு விடுதல் என்று பொருள். பின்னதற்குத் தடுத்தல், தாமதப்படுத்துதல் என்று பொருள். காலப்போக்கில் கடைசி அசைகள் தேய்ந்து, உயிரொலிகளும் நெருங்கி வந்து, இரண்டும் 'லெட்' என்ற ஒரே ஒலியில் முடிந்தன. நேர் எதிரான இரண்டு பொருளுக்கு ஒரே சொல் என்றால் பேச்சில் எத்தனை நாள் தாங்கும்? 1600 வாக்கில்கூட தடுத்தல் என்ற பொருள் உயிரோடுதான் இருந்தது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட், ஆவியின் பின்னால் போகவிடாமல் தன்னைப் பிடித்து இழுக்கும் நண்பர்களிடம், என்னை 'லெட்' செய்பவனை ஆவியாக்கிவிடுவேன் என்று கத்துகிறான். தடுப்பவனைத்தான் அப்படிச் சொல்கிறான். பிறகு அந்தப் பொருள் அன்றாடப் பேச்சிலிருந்து விலகிவிட்டது. சட்ட வாசகங்களிலும் பாஸ்போர்ட்டிலும் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டென்னிஸிலும் உண்டு: சர்வீஸ் பந்து வலையை உரசிக்கொண்டு அந்தப் பக்கம் விழுந்தால் 'லெட்' என்கிறார்களே, அது இந்தத் தடைதான்.

வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்களை வேடிக்கைப் பட்டியலாகப் படித்துவிட்டுப் போவதில் எனக்கு நிறைவு இல்லை. ஒரு சொல் ஏன் போனது என்று கேட்டால் அதைப் பேசிய மக்களின் வரலாறு கிடைக்கிறது. அது எங்கே எச்சம் விட்டுப் போனது என்று தேடினால், இன்றைய ஆங்கிலத்தில் நமக்குப் பிடிபடாத பல மூலைகள் விளங்கிவிடுகின்றன. ஆங்கிலத்தை வெளியிலிருந்து கற்கும் நமக்கு இந்த இரண்டாவது பயன் பெரியது.

அகராதிக்காரர்கள் இதில் இரண்டு நிலைகளைப் பிரிப்பார்கள். சில சொற்களை இன்று யாரும் பேசுவதில்லை, ஆனால் படித்தால் புரியும். பழைய வாசனைக்காகக் கவிதையிலோ வரலாற்று நாவலிலோ சேர்த்துக்கொள்வார்கள். மற்றவை அடியோடு போனவை. சொன்னால் ஆங்கிலேயருக்கே புரியாது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இந்த இரண்டாம் வகைக்கு முன்னால் ஒரு சிறிய குத்துவாள் குறி போடும். 1857-இல் லண்டன் மொழியியல் கழகத்தில் முளைத்த திட்டம் அது. முதல் பகுதி 1884-இல் வெளிவந்தது, வேலை முடிய 1928 ஆனது. ஒரு சொல் உள்ளே வந்துவிட்டால் அதை நீக்குவதில்லை என்பது அந்த அகராதியின் கொள்கை. 1989-இல் வந்த 20 தொகுதிகள் கொண்ட இரண்டாம் பதிப்பில், வழக்கில் உள்ள 1,71,476 சொற்களோடு வழக்கொழிந்த 47,156 சொற்களும் இருந்தன. ஐந்தில் ஒன்றுக்கும் மேல்!

ஒரு எச்சரிக்கை. பழைய அகராதியில் இருப்பதெல்லாம் ஒருகாலத்தில் யாரோ பேசிய சொல் என்று நம்பிவிடக் கூடாது. 1623-இல் ஹென்றி காக்கரம் போட்ட அகராதியில், லத்தீன் சொல்லுக்கு ஆங்கில வால் ஒட்டித் தயாரித்தவை ஏராளம். அவற்றில் பல வேறு எந்த நூலிலும் இல்லை. அச்சுப் பிழையிலிருந்து பிறந்த சொல்லும் உண்டு. 1934-இல் வந்த வெப்ஸ்டர் பேரகராதியில் 'டார்ட்' என்று ஒரு சொல், பொருள் அடர்த்தி. உண்மையில் அது 'பெரிய டி அல்லது சின்ன டி என்பது அடர்த்தியின் சுருக்கக் குறி' என்று எழுதிய சீட்டைச் சேர்த்துப் படித்ததால் வந்த கோளாறு. 1939-இல்தான் ஒரு பதிப்பாசிரியர் கண்ணில் பட்டது. 'மறந்துபோன அழகான ஆங்கிலச் சொற்கள்' என்று சுற்றும் பட்டியல்களில் இந்த மாதிரி உயிரே இல்லாதவையும் கலந்திருக்கும். நான் இங்கே எடுத்துக்கொள்வது, தலைமுறை தலைமுறையாக வாயில் புழங்கி, பிறகு போனவற்றை.

மிகப் பெரிய இழப்பு 1066-க்குப் பிறகு நடந்தது. அந்த ஆண்டு, பிரான்ஸின் வடக்கில் உள்ள நார்மண்டியின் பிரபு வில்லியம் ஹேஸ்டிங்ஸ் போரில் வென்று இங்கிலாந்து அரசரானார். அடுத்த 300 ஆண்டுகள் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சுதான். ஆங்கிலம் ஊருக்குள்ளும் வயலிலும் சமையற்கட்டிலும் இருந்தது. நீதிமன்ற வழக்காடலை ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்லும் சட்டம் 1362-இல் வந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அரசர் மறுபடி அரியணை ஏறியது 1399-இல், நான்காம் ஹென்றி. இடைப்பட்ட காலத்தில் ஆட்சி, படை, சட்டம், கௌரவம் சார்ந்த பழைய சொற்கள் கூண்டோடு போயின. படையைக் குறித்த 'ஹெரெ' போய் 'ஆர்மி' வந்தது. வெற்றியைக் குறித்த 'சிஜெ' போய் 'விக்டரி' வந்தது. மக்களைக் குறித்த 'தெஓட்' போய் 'பீப்பிள்' வந்தது. இவற்றில் வியப்பில்லை, ஆள்பவர் மொழி ஆட்சிச் சொல்லைப் பிடித்துக்கொள்ளும்.

வியப்பு எங்கே என்றால், உறவுமுறையில். அதுவும் தமிழர்கள் படித்தால் ஒரு நிமிடம் நின்றுவிடுவார்கள். 'ஆங்கிலத்தில் எல்லாருமே அங்கிள், எல்லாருமே ஆன்ட்டி. சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும் வித்தியாசம் தெரியாத மொழி' என்று நாம் சொல்வோம் அல்லவா? பழைய ஆங்கிலம் அப்படி இல்லை. அப்பாவின் சகோதரர் 'ஃபேடெரா'. அம்மாவின் சகோதரர் 'ஏஆம்'. அப்பாவின் சகோதரி 'ஃபாது', அம்மாவின் சகோதரி 'மோட்ரியெ'. நான்கு உறவு, நான்கு சொல். மாமனாருக்கு 'ஸ்வேஓர்', மாமியாருக்கு 'ஸ்வெயெர்', மருமகளுக்கு 'ஸ்னொரு', மருமகனுக்கு 'ஆதும்' என்று தனித்தனிப் பெயர்கள். இந்த ஸ்னொரு, சமஸ்கிருதத்தில் மருமகளைக் குறிக்கும் ஸ்னுஷா என்ற சொல்லுக்கு ரத்த உறவு. ஸ்வேஓர் அதே போல ஸ்வசுரனுக்கு உறவு. இன்றைக்கு இந்த நால்வரையும் 'சட்டப்படி அப்பா', 'சட்டப்படி மகள்' என்கிற பாணியில்தான் ஆங்கிலம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏஆம் என்ற தாய்மாமன் அந்தச் சமூகத்தில் சாதாரண ஆள் இல்லை. ஆங்கிலேயரின் முன்னோர் சேர்ந்த ஜெர்மானிய இனக்குழுக்களைப் பற்றிக் கி.பி. 98-இல் எழுதிய ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், சகோதரியின் மகன்களைத் தந்தைக்கு இணையாகத் தாய்மாமன் கொண்டாடுவதாகவும், சில குழுக்கள் அந்த உறவையே புனிதமாக நினைப்பதாகவும் குறித்திருக்கிறார். பழைய ஆங்கிலக் காவியமான பேயோவுல்ஃபில், நாயகன் தன் தாய்மாமனான ஹீயெலாக் அரசரிடம் வைத்திருக்கும் பற்று கதை முழுக்க ஓடும். பிரெஞ்சிலிருந்து 'அங்கிள்', 'ஆன்ட்' வந்து உட்கார்ந்ததும் தந்தை வழி, தாய் வழி என்ற பிரிவு மொழியிலிருந்து மறைந்தது. தாய்மாமனைக் குறித்த சொல் மட்டும் 'ஈம்' என்று தேய்ந்து, வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் இன்னும் பல நூற்றாண்டுகள் தாக்குப்பிடித்தது. பிரெஞ்சுச் சொல் வந்ததால் பிரிவு போனதா, வாழ்க்கையில் அந்தப் பிரிவுக்கு மதிப்பு குறைந்ததால் பிரெஞ்சுச் சொல் எளிதாக நுழைந்ததா? இரண்டும் சேர்ந்துதான் நடந்திருக்கும் என்பது என் எண்ணம். சொத்தும் பெயரும் தந்தை வழியே மகனுக்குப் போகும் ஏற்பாடு இறுகிய காலமும் அதுதான்.

வெளியிலிருந்து வந்த சொல் எப்போதும் மேலிடத்திலிருந்து வரவேண்டும் என்பதில்லை. 9, 10-ஆம் நூற்றாண்டுகளில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் வழி வந்த வைக்கிங்குகள் வட இங்கிலாந்தில் குடியேறி உழுதார்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். அவர்களுடைய மொழி ஆங்கிலத்துக்கு மிக நெருங்கியது. அதனால் அன்றாடச் சொற்களே பக்கத்துப் பக்கத்தில் நின்று போட்டியிட்டன. எடு என்பதற்கு ஆங்கிலத்தின் சொந்தச் சொல் 'நிமன்'. வந்த சொல் 'டேக்'. இன்று நிமனைக் காணோம்; ஆனால் மரத்துப்போன விரலை 'நம்' என்கிறோமே, அது நிமனின் பழைய எச்சம். உணர்ச்சி எடுக்கப்பட்டது என்று பொருள். சுறுசுறுப்பான ஆளை 'நிம்பிள்' என்பதும் அதே வேர், சட்டென்று எடுக்கக்கூடியவன். இடையில் சில காலம் 'நிம்' என்பது திருடுதலைக் குறிக்கும் கொச்சைச் சொல்லாகக்கூட இருந்தது.

இந்தப் போட்டி எவ்வளவு நேரடியாக இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. இங்கிலாந்தில் முதன்முதலில் அச்சகம் வைத்த வில்லியம் காக்ஸ்டன், 1490-இல் வெளியிட்ட ஒரு நூலின் முன்னுரையில் சொல்கிறார். தேம்ஸ் நதியில் கப்பலேறி நெதர்லாந்துப் பக்கம் போகவிருந்த வணிகர்கள் சிலர், காற்று இல்லாமல் கரையில் இறங்கினார்கள். அவர்களில் ஷெஃபீல்டு என்ற துணி வணிகர் ஒரு வீட்டில் சாப்பிட ஏதாவது கேட்டார், குறிப்பாக 'எக்ஸ்' வேண்டும் என்றார். அந்த வீட்டுப் பெண்மணி, எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்றார். வணிகருக்குக் கோபம். அவருக்கும் பிரெஞ்சு தெரியாது, அவர் கேட்டது முட்டை! கூட இருந்த இன்னொருவர் 'ஐரன்' வேண்டும் என்று சொன்ன பிறகுதான் அந்தப் பெண்ணுக்குப் புரிந்தது. ஐரன் என்பது தெற்கத்திய, பழைய ஆங்கிலச் சொல்லின் பன்மை. எக் என்பது வைக்கிங்குகள் வழியாக வடக்கிலிருந்து வந்தது. ஒருவன் எதைத்தான் எழுதுவது, எக்ஸ் என்றா ஐரன் என்றா என்று காக்ஸ்டன் அங்கேயே கேட்கிறார். அது புலம்பல் அல்ல, அச்சடிப்பவரின் தொழில் பிரச்சினை. ஒரே புத்தகம் பல ஊர்களில் விற்க வேண்டும். கையெழுத்துப் படிகளின் காலத்தில் ஊருக்கு ஒரு சொல் இருந்தாலும் நடந்தது. அச்சு வந்த பிறகு ஏதோ ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். தோற்ற சொற்கள் வட்டார வழக்காகி, பிறகு அதுவும் இல்லாமல் போயின.

இனி, நமக்கு மிக நெருக்கமான இழப்பு: 'தௌ'.

ஆங்கிலத்தில் நீ, நீங்கள் வேறுபாடு கிடையாது என்பது இன்றைய நிலை. முன்பு ஒருமைக்குத் 'தௌ', பன்மைக்கு 'யீ'. செயப்படுபொருளாக வந்தால் 'தீ', 'யூ'. 13-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பழக்கத்தைப் பார்த்து, ஒரே ஆளாக இருந்தாலும் உயர்ந்தவரைப் பன்மையில் அழைக்கத் தொடங்கினார்கள். அப்படியே நம் நீ, நீங்கள் மாதிரி ஆகிவிட்டது. மேலிருந்து கீழே தௌ, கீழிருந்து மேலே யூ. சண்டை வந்தால் யூ சட்டென்று தௌ ஆகிவிடும். 1603-இல் கடலோடியும் அரசவைப் பிரமுகருமான சர் வால்டர் ராலே மீது ராஜத்துரோக வழக்கு நடந்தபோது, அரசுத் தரப்பில் வாதாடிய எட்வர்டு கோக் அவரைப் பார்த்து, உன்னைத் தௌ என்றுதான் அழைக்கிறேன், தௌ துரோகி என்று நீதிமன்றத்திலேயே சொன்னார். பெரிய மனிதரை 'நீ' என்று கூப்பிடுவதன் வலி தெரிந்த தமிழருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. இன்றைய ஆங்கில மாணவருக்கு அடிக்குறிப்பு போட்டு விளக்குகிறார்கள்.

17-ஆம் நூற்றாண்டின் நடுவில் குவேக்கர்கள் என்ற கிறித்தவக் குழுவினர், கடவுள் முன் எல்லாரும் சமம், ஆகவே யாரையும் பன்மையில் அழைக்க மாட்டோம் என்று நின்றார்கள். நீதிபதியையும் தௌ, பிரபுவையும் தௌ. அதற்காக வசையும் அடியும் வாங்கினார்கள். சமத்துவம் கடைசியில் வந்தது, ஆனால் எதிர்த்திசையில். எல்லாரையும் தாழ்த்தித் தௌ என்று அழைக்காமல், எல்லாரையும் உயர்த்தி யூ என்று அழைக்கும் பழக்கம் பரவியது. எதிரில் இருப்பவரின் தகுதி தெரியாத நகரத்தில், தப்பாகத் தௌ சொல்லிச் சிக்கிக்கொள்வதைவிட யூ சொல்லிவிடுவது பாதுகாப்பு. 17-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் பொது வழக்கில் தௌ அநேகமாக ஓய்ந்துவிட்டது. அதோடு சேர்ந்து வந்த 'ஆர்ட்', 'ஹேஸ்ட்', 'டஸ்ட்' என்ற வினை வடிவங்களும் போயின. யார்க்ஷயர் கிராமங்களில் 'தா' என்று அதன் குழந்தை இன்னும் கேட்கிறது.

இன்று தௌ என்றால் ஆங்கிலேயர் காதில் மரியாதையான, தெய்வீகமான சொல்லாகக் கேட்கிறது. காரணம், 1611-இன் பைபிள் மொழிபெயர்ப்பு. அதில் ஒருமை, பன்மையைச் சரியாகப் பிரிப்பதற்காகத் தௌவை எல்லா இடத்திலும் வைத்திருந்தார்கள். சாத்தானுக்கும் தௌதான், கடவுளுக்கும் தௌதான். வீட்டில் சொல் அழிந்தது, தேவாலயத்தில் மட்டும் மிஞ்சியது. ஆகவே அது புனிதச் சொல் ஆகிவிட்டது. நம் தேவாரத்திலும் திருவாசகத்திலும் இறைவனை நீ என்பது உரிமையால். தமிழ் பைபிளோ 'தேவரீர்', 'நீர்' என்று அழைக்கிறது. யூ பன்மையையும் ஒருமையையும் சேர்த்துச் சுமப்பதால் வந்த ஓட்டையை அடைக்க, அமெரிக்கத் தெற்கில் 'யால்' என்றும், அயர்லாந்தில் 'யூஸ்' என்றும் புதிதாகப் பன்மை செய்துகொண்டிருக்கிறார்கள்.

மொழியில் இருந்த நுட்பமான பிரிவு ஒன்று கரைந்துபோனதற்கு இன்னொரு எடுத்துக்காட்டு, ஆம் என்பதும் இல்லை என்பதும். அன்று 'வருகிறாயா?' என்று கேட்டால் பதில் 'யே' (ஆம்) அல்லது 'நே' (இல்லை). 'வரமாட்டாயா?' என்று எதிர்மறையில் கேட்டால் 'யெஸ்' அல்லது 'நோ'. 1532 வாக்கில் ஆங்கில அறிஞர் தாமஸ் மோர், பைபிளை மொழிபெயர்த்த டிண்டேலுக்கு இந்த வேறுபாடு தெரியவில்லை என்று கடுமையாகக் கண்டித்து எழுதினார். அப்போதே அது கரையத் தொடங்கியிருந்தது என்பதற்கு அந்தக் கண்டனமே சான்று.

தொழிலோடு சேர்ந்து போன சொற்கள் ஆட்களின் பெயரில் தங்கிவிட்டன. அம்புக்கு இறகு கட்டுபவர் ஃப்ளெட்சர். வண்டி செய்பவர் வெயின்ரைட். சந்தை வியாபாரி சாப்மன். நெய்த கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு மிதித்துக் கெட்டிப்படுத்துபவர் வாக்கர். நடப்பவர் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருப்போம். 'ஸ்டர்' என்ற விகுதி முதலில் பெண்ணைக் குறித்தது. நெசவு செய்யும் பெண் வெப்ஸ்டர், ரொட்டி சுடும் பெண் பாக்ஸ்டர். பிறகு ஆண்களுக்கும் அது ஒட்டிக்கொண்டு குடும்பப் பெயரானது. நூல் நூற்கும் பெண்ணான 'ஸ்பின்ஸ்டர்' மட்டும் வேறு வழியில் போனது. 17-ஆம் நூற்றாண்டிலிருந்து சட்டப் பத்திரங்களில் மணமாகாத பெண் என்று பொருள், பிறகு மெல்ல இளக்காரமும் ஏறியது. இங்கிலாந்தில் 2005-இல் திருமணப் பதிவேட்டிலிருந்து அதை எடுத்துவிட்டு 'சிங்கிள்' என்று வைத்தார்கள். 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டத்தின் மாதிரிப் படிவத்தில் அது இன்னும் இருக்கிறது.

மேதைகள் சேர்ந்து இறக்குமதி செய்தும் நிற்காத சொற்களும் உண்டு. 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் அறிவு நூல்கள் எழுத ஆரம்பித்தபோது லத்தீன் சொற்களைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுவந்தார்கள். எதிர்த்தவர்கள் அவற்றை 'மைக்கூட்டுச் சொற்கள்' என்று அழைத்தார்கள். கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜான் சீக், நம் மொழியைப் பிறமொழிக் கலப்பில்லாமல் தூய்மையாக எழுத வேண்டும் என்று 1557-இல் ஒரு கடிதத்தில் வாதாடினார். மறைமலையடிகள் 1916-இல் தனித்தமிழுக்காக எழுந்து நின்றதை நினைவூட்டும் குரல். சீக் பைபிள் பகுதியை மொழிபெயர்த்தபோது நூறு வீரர் தலைவனுக்கு 'ஹன்ட்ரெடர்', சித்தம் கலங்கியவனுக்கு 'மூன்ட்' என்று சொந்தமாகவே சொற்களை உருவாக்கினார். அவை ஒன்றும் நிற்கவில்லை. எதிர்த்தரப்பு கொண்டுவந்ததிலும் பாதி நிற்கவில்லை. தடுத்தலைக் குறிக்கும் 'இம்பீட்' நின்றது, அதன் எதிர்ச்சொல்லான 'எக்ஸ்பீட்' போனது. மிகப் பெரியது என்ற பொருளில் வந்த 'இன்ஜென்ட்' போனது. அதே காலத்தில் சந்தேகத்தோடு பார்க்கப்பட்ட 'செலிப்ரேட்' இன்று குழந்தைகள் வாயில் இருக்கிறது. எது நிற்கும் என்று அன்று யாராலும் கணித்திருக்க முடியாது. தமிழில் தனித்தமிழ்ச் சொற்கள் பல நிலைத்ததற்குப் பின்னால் பள்ளிப் பாடநூலும் இதழ்களும் மேடையும் ஒரு இயக்கமாக இருந்தன. சீக்குக்கு அப்படி ஒரு பலம் இல்லை.

எச்சங்களுக்கு வருகிறேன், இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு சொல் தனியாக இறந்த பிறகும் கூட்டுச்சொல்லுக்குள் உயிரோடு கிடக்கலாம். பழைய ஆங்கிலத்தில் 'மேன்' என்றால் மனிதர், ஆணோ பெண்ணோ. ஆணை மட்டும் சொல்ல 'வெர்' என்று தனிச் சொல். அது செத்துவிட்டது, ஓநாயாக மாறும் மனிதனான 'வேர்வுல்ஃப்'-இல் மட்டும் இருக்கிறது. ஆணுக்கு இன்னொரு சொல் 'குமா'. மணமகளின் ஆண் என்பதால் மணமகன் 'பிரைட்-குமா'. குமா யாருக்கும் புரியாமல் போனதும் மக்கள் அந்த இடத்தில் தெரிந்த சொல்லான 'குரூம்' என்பதைப் போட்டுவிட்டார்கள். அப்படித்தான் நம் கல்யாணப் பத்திரிகை வரை 'பிரைட்குரூம்' வந்தது.

மருத்துவச்சியை 'மிட்வைஃப்' என்கிறோம். இந்த மிட் நடு அல்ல. அது 'உடன்' என்ற பொருள் தரும் பழைய சொல். வைஃப் என்றால் அன்று மனைவி இல்லை, பெண். பெண்ணுடன் இருப்பவர் மிட்வைஃப். 'உடன்' என்ற வேலையை மிட்டிடமிருந்து பிடுங்கிக்கொண்ட 'வித்', அதற்கு முன்னால் 'எதிர்த்து' என்ற பொருளில் இருந்தது. 'வித்ஸ்டாண்ட்' என்றால் கூட நிற்பது என்று ஆகாமல் எதிர்த்து நிற்பது என்று ஏன் ஆகிறது என்று குழம்பியவர்களுக்கு விடை இதுதான்.

இன்னும் சில வேகமாக. சிலந்தி வலை 'காப்வெப்': சிலந்திக்கு 'அட்டர்காப்' என்று ஒரு பெயர், விஷத்தலை என்று பொருள்; காப் அதன் வால் பகுதி. பூண்டு 'கார்லிக்': கார் என்றால் ஈட்டி, லீக் ஒரு வகை வெங்காயச் செடி, பல்லைப் பார்த்தால் ஈட்டிமுனை தெரியும். 'நைட்மேர்'-இல் இருப்பது பெண்குதிரை இல்லை, தூங்குபவர் நெஞ்சில் ஏறி உட்காரும் பேய். நம் ஊரில் அமுக்குவான் பேய் என்பார்களே, அதேதான். 'கித் அண்ட் கின்'-இல் வரும் கித், அறிந்த ஊரும் அறிந்த மனிதரும். அதன் உறவுச்சொல் 'கூத்', அறிந்தது. ஆகவே 'அன்கூத்' முதலில் அறியாதது, பிறகு நாகரிகமற்றது. இரக்கமான 'ரூத்' போய்விட்டது, இரக்கமில்லாத 'ரூத்லெஸ்' இருக்கிறது. 'கோ'வின் இறந்தகாலம் ஏன் ஒட்டாமல் 'வென்ட்' என்று வருகிறது? அது 'வெண்ட்' என்ற வேறொரு வினையின் இறந்தகாலம். கோவுக்குச் சொந்தமாக இருந்த 'யோட்' 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஓய்ந்து, பக்கத்து வினையிலிருந்து வென்ட் வந்து உட்கார்ந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் இங்கிலாந்துக் கதை. நமக்கும் இதில் நேரடிப் பங்கு உண்டு. சென்னை ராஜதானியில் ஆங்கிலேயர் எழுதிய கடிதங்களில் 'கோனிகோபோலி' என்று ஒரு சொல் அடிக்கடி வரும். நம் கணக்கப்பிள்ளைதான். மொழிபெயர்ப்பாளரான 'துபாஷ்', பணம் என்ற நாணயமான 'ஃபேனம்', தோப்பைக் குறிக்கும் 'டோப்' என்று அந்தக் காலத்து ஆங்கிலத்தில் தென்னிந்தியச் சொற்கள் குவிந்திருந்தன. ஹென்றி யூலும் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஏ.சி. பர்னெலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் இவை பதிவாகியிருக்கின்றன. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று சென்னையில் கணக்கு ஓடிய வரை, ஆங்கிலத்திலும் 'கேஷ்' என்றால் ஒரு சின்ன நாணயம், நம் காசு. ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' பிரெஞ்சு வழி வந்த வேறு சொல். 1818-இல் ரூபாய் வந்து வராகனை அகற்றியது. நாணயம் போனது, அந்தச் சொல்லும் கூடவே போனது.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. அங்கே வழக்கொழிந்து இங்கே உயிரோடு இருப்பவை. ஆங்கிலத்தில் எழுதிய நம் விற்பனைப் பத்திரங்களில் இன்றும் 'விட்னெஸ்ஸெத்' என்று இருக்கும். 'எத்' என்ற அந்த வினை விகுதி இங்கிலாந்தில் பேச்சிலிருந்து போய் 300 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. டிபன்? 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கொச்சையில் 'டிஃபிங்' என்றால் சாப்பாட்டு நேரம் அல்லாத வேளையில் கொஞ்சம் தின்பதும் குடிப்பதும். அங்கே அது மறைந்துவிட்டது. இங்கே இட்லி, பொங்கல், பூரி எல்லாவற்றுக்கும் பொதுப் பெயராகி, அடுக்குப் பாத்திரத்துக்கும் பெயர் கொடுத்துவிட்டது.

காரின் பின்பக்கச் சாமான் அறையை நாம் டிக்கி என்கிறோம். இங்கிலாந்தில் பழைய கார்களின் பின்னால் மடக்கித் திறக்கும் வெளி இருக்கை ஒன்று இருந்தது, அதற்கு 'டிக்கி சீட்' என்று பெயர். இருக்கை ஒழிந்து அந்த இடம் சாமான் வைக்க மட்டும் ஆனபோது ஆங்கிலேயர் 'பூட்' என்ற பெயருக்குப் போய்விட்டார்கள், நாம் டிக்கியோடு நின்றுவிட்டோம். அதற்குள் இருக்கும் ஸ்டெப்னியின் கதை இன்னும் துல்லியமானது. தொடக்க காலக் கார்களில் மாற்றுச் சக்கரம் கிடையாது. பஞ்சர் ஆனால் நடுரோட்டில் உட்கார்ந்து ஒட்ட வேண்டும். 1904-இல் வேல்ஸ் நாட்டின் லானெத்லி ஊரில் டேவிஸ் சகோதரர்கள், பஞ்சரான சக்கரத்தோடு சேர்த்து மாட்டிக்கொள்ளும் ஒரு மாற்றுச் சக்கரத்தைச் செய்தார்கள். அவர்களுடைய பட்டறை இருந்தது ஸ்டெப்னி தெருவில். அந்தப் பெயரிலேயே அது உலகமெங்கும் விற்றது, இந்தியாவுக்கும் வந்தது. கழற்றி மாட்டும் முழுச் சக்கரம் வந்ததும் அந்தக் கருவி காணாமல் போனது. இன்று பிரிட்டனில் ஸ்டெப்னி என்றால் கிழக்கு லண்டனில் உள்ள ஒரு பகுதிதான் பெரும்பாலோருக்கு நினைவு வரும். தமிழ்நாட்டிலோ லாரி ஓட்டுநரிலிருந்து வாடகைக் கார்க்காரர் வரை எல்லோருக்கும் அது வீட்டுச் சொல். இப்போது வரும் சில கார்களில், குறிப்பாக மின்சாரக் கார்களில், மாற்றுச் சக்கரமே தருவதில்லை. பஞ்சர் அடைக்கும் திரவமும் காற்றடிக்கச் சின்ன பம்பும் கொடுத்துவிடுகிறார்கள். அந்த வழக்கம் பரவினால், தான் பிறந்த ஊரைவிட ஸ்டெப்னிக்கு இத்தனை நாள் இடம் கொடுத்த இந்தச் சாலைகளிலும் அதற்கு வேலை குறையும்.